ரோட் சைக்கிளுக்கு வேறு கிராங்க்செட்: முதலில் ஃப்ரேமின் ஓட்டையைப் பாருங்கள்

கிராங்க்செட் என்பது பெடலைத் தாங்கும் இரண்டு ஆர்ம்களும், அவற்றை இணைக்கும் ஸ்பிண்டில் என்ற அச்சும், செயின் ஓடும் முன் பல்சக்கரங்களும் (செயின்ரிங்) சேர்ந்த தொகுதி. அதை மாற்றுவது என்று முடிவெடுத்தவுடன் எல்லோரும் முதலில் பார்ப்பது படங்களைத்தான். எது எடை குறைவு, எது கார்பன், எந்தக் கம்பெனியின் எந்த வரிசை என்று. நானும் அப்படித்தான் முதல் முறை வாங்கினேன். பொருள் வந்து சேர்ந்தது, பழையதைக் கழற்றினேன், புதியதின் ஸ்பிண்டிலை உள்ளே தள்ளினால் நுழையவே இல்லை. 24 மி.மீ. ஸ்பிண்டிலுக்கான பேரிங் ஃப்ரேமில் இருந்தது, கையில் இருந்ததோ 30 மி.மீ. ஸ்பிண்டில். சைக்கிள் மூன்று வாரம் கிராங்க் இல்லாமல் சுவரில் சாய்ந்து நின்றது.

அதனால் யார் கேட்டாலும் நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் ஃப்ரேமின் அடியில் இருக்கும் ஓட்டை, அதற்குள் இருக்கும் பேரிங், அந்த பேரிங்குக்குப் பொருந்தும் ஸ்பிண்டில். அப்புறம் பற்களின் எண்ணிக்கை. அப்புறம் ஆர்மின் நீளம். எடை, நிறம், பெயர் எல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தால் பெரும்பாலும் இரண்டு முறை வாங்க வேண்டியிருக்கும்.

மாற்றத்தான் வேண்டுமா?

சத்தம் வருகிறது என்பதற்காக மட்டும் கிராங்க்செட்டை மாற்றாதீர்கள். மிதிக்கும்போது வரும் 'கிரீச்', 'டக்' எல்லாம் கிராங்கிலிருந்துதான் வருகிறது என்று தோன்றும், ஏனென்றால் காலின் அழுத்தத்தோடு சேர்ந்து வருகிறது. ஆனால் பெடல் மரையில் கிரீஸ் வறண்டிருந்தாலும், செயின்ரிங் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தாலும், சீட் போஸ்ட்டில் தூசி இருந்தாலும் அதே சத்தம்தான். எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள்: சத்தம் நின்றுவிட்டால் சீட் பக்கம் தேடுங்கள். பெடலைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டுங்கள். செயின்ரிங் போல்ட்டுகளை முறுக்கிப் பாருங்கள். கடைசியில் பாட்டம் பிராக்கெட், அதாவது ஃப்ரேமின் அடிக்குழாயில் ஸ்பிண்டிலைத் தாங்கும் பேரிங் தொகுதி. செயினை எடுத்துவிட்டுக் கிராங்கை விரலால் சுழற்றும்போது மணல் அரைப்பதுபோலக் கைக்குத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அதற்கு பேரிங்கை மாற்றினால் போதும், கிராங்கைத் தொட வேண்டாம்.

பற்கள் தேய்ந்துவிட்டன என்றாலும் அப்படித்தான். பல்லின் ஒரு பக்கம் சரிந்து சுறாத் துடுப்புபோல வளைந்திருந்தால் அந்த செயின்ரிங்கை மட்டும் மாற்றலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: புதிய கிராங்க்செட்டின் பற்களில் கியர் மாற்ற உதவும் சரிவுகளும் ஊசிகளும் இருக்கும், அவற்றைப் பார்த்து 'தேய்ந்துவிட்டது' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தேய்மானம் என்றால் எல்லாப் பற்களிலும் ஒரே திசையில் தெரியும்.

நிஜமாகவே மாற்ற வேண்டிய நிலைகள் சில உண்டு. பெடல் மரை பிய்ந்துபோனது. ஆர்மில் விரிசல். சதுர ஸ்பிண்டில் கிராங்காக இருந்தால், அந்தச் சதுரத் துளை உருண்டுபோய் எவ்வளவு முறுக்கினாலும் சில நாளில் மறுபடி ஆடுவது. இது ஒருமுறை வந்துவிட்டால் திரும்பச் சரியாகாது, தளர்ந்த ஆர்மோடு ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்தத் துளையைத் தின்றிருக்கும். இன்னொன்று, உங்கள் காலுக்கும் நீங்கள் ஏறும் மேட்டுக்கும் பற்கள் ஒத்து வராதது. கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலோரின் உண்மையான காரணம்.

ஓட்டையும் ஸ்பிண்டிலும்

ஃப்ரேமின் அடியில் கிராங்க் கடந்து போகும் குழாயைக் குனிந்து பாருங்கள். இரண்டு பக்கமும் பேரிங்கைத் தாங்கும் பல்வெட்டுள்ள கப் ஒன்று ஃப்ரேமுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பெரும்பாலும் மரை வகை. வெளியே எதுவும் இல்லாமல், அல்லது மெல்லிய விளிம்பு மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் அழுத்திச் செருகும் வகை, அதாவது பிரஸ்-ஃபிட். டி47 போன்ற சில மரை வகைகளில் பேரிங் உள்ளேயே அடங்கிவிடும் என்பதால் கண்ணை மட்டும் நம்பாமல் கப்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 1.37 × 24 என்று இருந்தால் அது பிஎஸ்ஏ, ஆங்கில மரை என்பார்கள், குழாயின் அகலம் 68 மி.மீ. 36 × 24 என்று இருந்தால் இத்தாலிய மரை, அகலம் 70 மி.மீ. பிஎஸ்ஏவில் செயின் பக்கத்துக் கப் இடமரை: மற்ற போல்ட்டுகளுக்கு நேர் எதிராகச் சுற்ற வேண்டும். இதை மறந்து முழு பலத்தையும் போட்டு முறுக்கி மரையைப் பிய்த்தவர்கள் உண்டு. இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் சாதாரண வலமரைதான், அதனாலேயே வலது கப் ஓட்ட ஓட்டத் தளரப் பார்க்கும், நல்ல முறுக்கு கொடுத்து வைக்க வேண்டும்.

பிரஸ்-ஃபிட்டில் எழுத்து தெரியாவிட்டால் வெர்னியர் காலிப்பர் எடுத்து அளக்க வேண்டியதுதான். கிராங்கைக் கழற்றி, கப்புகளும் வெளியே இருந்தால் இன்னும் நல்லது, ஃப்ரேம் துளையின் உள்விட்டத்தையும் குழாயின் அகலத்தையும் பாருங்கள். 42 மி.மீ. துளை, 68 அகலம் என்றால் பிபி30. கேனன்டேல் கொண்டுவந்தது, பேரிங் நேராக ஃப்ரேமிலேயே உட்காரும். 46 துளை, 68 அகலம் என்றால் பிஎஃப்30. 41 துளை, 86.5 அகலம் என்றால் பிபி86. 46 துளை, 86.5 அகலம் என்றால் பிபி386. 46 துளை, 79 அகலம் என்றால் செர்வெலோவின் பிபிரைட். இவை நினைவில் நிற்காது, நிற்கவும் வேண்டாம், அளந்த இரண்டு எண்களையும் ஃபோனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் தேடும்போது உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டு எண்கள்தான்.

இனி ஸ்பிண்டில். அதன் விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷிமானோவின் ஹாலோடெக் 2 வகைக்கு 24 மி.மீ., இரண்டு பக்கமும் ஒரே விட்டம். ஸ்ராமின் பழைய ஜிஎக்ஸ்பி வலது பக்கம் 24, இடது பக்கம் 22. பெயரளவில் '24' என்று சொன்னாலும் ஷிமானோ கிராங்க் ஜிஎக்ஸ்பி பாட்டம் பிராக்கெட்டில் போகாது, பலர் சறுக்குவது இங்கேதான். ஸ்ராமின் இப்போதைய டப் 28.99 மி.மீ. பிபி30, பிபி386 கிராங்குகள் 30 மி.மீ. கம்பக்னோலோவின் அல்ட்ரா-டார்க் 25 மி.மீ., நடுவில் இரண்டு பாதிகளும் பல்லோடு பல் பொருந்திச் சேரும். எந்த ஸ்பிண்டில் எடுத்தாலும் அதற்கென்றே செய்த பாட்டம் பிராக்கெட் வேண்டும், ஒரு மில்லிமீட்டர்தானே என்று சமாளிக்க முடியாது.

எந்த ஃப்ரேமுக்கும் அதிகம் ஒத்துப்போவது 24 மி.மீ. தான். வெளியே துருத்தும் கப்புகளோடு சேர்த்தால் 68 மி.மீ. பிஎஸ்ஏவும் 86.5 மி.மீ. பிபி86-ம் ஏறக்குறைய ஒரே அகலத்துக்கு வந்துவிடும், அதனால் ஒரே ஷிமானோ கிராங்க் இரண்டிலும் மாட்டும். 42, 46 மி.மீ. துளைகளுக்கும் 24-க்கான பாட்டம் பிராக்கெட்டுகள் உண்டு. டப் வகையும் ஏறக்குறைய எல்லா ஃப்ரேமுக்கும் கிடைக்கிறது. 30 மி.மீ. தான் இடக்குப் பண்ணும். 41 மி.மீ. துளைக்குள் 30 மி.மீ. ஸ்பிண்டிலைப் போட்டால் இரண்டுக்கும் நடுவில் மிஞ்சும் இடம் கொஞ்சம்தான், அதற்குள் அடங்கும் பேரிங்கின் குண்டுகள் மிகச் சிறியதாகிவிடும், சீக்கிரம் தேயும். அதோடு 30-லேயே குட்டை ஸ்பிண்டில், நீள ஸ்பிண்டில் என்று இரண்டு உண்டு. பிபி30-க்கென்று செய்த குட்டை ஸ்பிண்டில் 86.5 குழாயில் எட்டவே எட்டாது. பிபி386 நீளத்தில் செய்தது குறுகிய குழாயிலும் ஸ்பேசர் போட்டால் மாட்டும். 30 வாங்கியே தீருவேன் என்றால் நீளமானதை வாங்குங்கள்.

பழைய சைக்கிளாக இருந்து ஸ்பிண்டில் முனை சதுரமாக இருந்தால் இரண்டு வழி. ஒன்று, பிஎஸ்ஏ மரை நன்றாக இருக்கும் பட்சத்தில் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை (மூடிய பேரிங் தொகுதியை) எடுத்துவிட்டு வெளிக் கப்புகளும் 24 மி.மீ. கிராங்கும் போட்டுவிடலாம், பழைய இரும்பு ஃப்ரேமுக்கும் இது நன்றாகவே ஒத்துவரும், நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இன்னொன்று, சதுரத்தோடேயே இருப்பது. அப்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஸ்பிண்டில் நீளம் கிராங்குக்குக் கிராங்க் மாறும், 103, 107, 110, 113, 115 என்று பல. தவறான நீளம் போட்டால் செயின்ரிங் ஃப்ரேமில் உரசும் அல்லது வெகுதூரம் வெளியே போகும். சதுரத்திலும் ஜிஸ் (ஜப்பானியத் தரம்), ஐஎஸ்ஓ (சர்வதேசத் தரம்) என்று இரண்டு உண்டு. சரிவு ஒன்றுதான், முனையின் அளவுதான் வேறு. மாற்றிப் போட்டால் கிராங்க் சுமார் 4.5 மி.மீ. உள்ளேயோ வெளியேயோ போய் உட்காரும். ஷிமானோ ஜிஸ், பழைய கம்பக்னோலோ ஐஎஸ்ஓ.

பற்கள்: மேடுதான் முடிவு செய்ய வேண்டும்

சரி, பொருந்துமா என்ற கேள்வி தீர்ந்தது. இனி இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ரோட் சைக்கிளில் நெடுங்காலம் 53/39 தான் வழக்கம், அதாவது பெரிய ரிங்கில் 53 பல், சின்ன ரிங்கில் 39 பல். பிறகு 50/34 வந்தது, காம்பாக்ட் என்கிறோம். நடுவில் 52/36. இப்போது 48/32, 46/30 என்று இன்னும் சிறியவையும் கிடைக்கின்றன. எதை எடுப்பது? பெரும்பாலோர் பெரிய ரிங்கைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள், '53 இருந்தால்தான் வேகம் வரும்' என்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், நிமிடத்துக்கு 90 சுற்று, பின்னால் 11 பல். 53 என்றால் மணிக்கு ஏறக்குறைய 54.6 கி.மீ. 50 என்றால் 51.5. 46 என்றால்கூட 47.4. சமதரையில் தனியாக 47-ல் எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். இறக்கத்தில் 50-ஐத் தாண்டினால் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து உட்கார்ந்துகொள்வதில் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது சின்ன ரிங். கடுமையான ஏற்றம், மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள். முன்னால் 39, பின்னால் 28 என்றால் கால் நிமிடத்துக்கு 46 முறைதான் சுற்றும்; ஒவ்வொரு மிதியும் படிக்கட்டில் மூட்டை தூக்குவதுபோல இருக்கும், முட்டிக்குத்தான் தண்டனை. 34, 28 என்றால் 52. 34, 32 என்றால் 60. 30, 32 என்றால் 68. அதே மேடு, அதே வேகம், அதே மூச்சு, ஆனால் 46 சுற்றுக்கும் 68 சுற்றுக்கும் இடையில் உங்கள் முட்டியின் அடுத்த பத்து வருஷம் இருக்கிறது. 'சின்ன கியர் வைத்தால் கால் பலம் குறைந்துவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிய கியரில் திணறுவதால் மட்டும் யாரும் பலசாலி ஆவதில்லை.

ஆகவே என் வழி இது. நீங்கள் வழக்கமாக ஏறும் மேடுகளில் மிகக் கடினமானதை நினைத்துக்கொள்ளுங்கள், அதன் உச்சியை நெருங்கும்போது இன்னும் ஒரு கியர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று விரல் லீவரைத் தேடுகிறதா? தேடினால் சின்ன ரிங் பெரிதாக இருக்கிறது. அந்த மேட்டுக்கு ஏற்ற சின்ன ரிங்கை முதலில் முடிவு செய்யுங்கள், பெரியது அதோடு வரும் ஜோடிதான்.

ஆனால் ஒரு நிமிடம். கிராங்கைத் தொடுவதற்கு முன் பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டைப் பாருங்கள். 36-லிருந்து 34-க்கு இறங்கினால் கியர் 6 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இலகுவாகும். பின்னால் 28-ஐ 32 ஆக்கினால் 12.5 சதவீதம். கிராங்க் நன்றாக இருக்கிறது, மேடுதான் பிரச்சினை என்றால் கேசட் மாற்றுவது எளிது, பலனும் அதிகம். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் டீரெயிலர் எவ்வளவு பெரிய பல்லைத் தாங்கும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீரெயிலர் என்றதும் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். முன்னால் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசத்தையும், பின்னால் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசத்தையும் கூட்டுங்கள். முன்னால் 50/34-ம் பின்னால் 11-30-ம் என்றால் 16 + 19 = 35. 11-34 என்றால் 16 + 23 = 39. ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில், செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு குட்டையாக உள்ள டீரெயிலரின் எல்லை 35, நீளக் கூண்டின் எல்லை 39. உங்கள் கூட்டுத்தொகை டீரெயிலரின் எல்லைக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செயின் ஒரு கோடியில் தொங்கும், மறு கோடியில் விறைக்கும். முன் டீரெயிலருக்கும் எல்லை உண்டு: ஷிமானோ ரோட் வகைகளில் வழக்கமாக 16 பல் வித்தியாசம். 52/36-ல் 36-ஐ எடுத்துவிட்டு 34 போட்டு 52/34 ஆக்கிவிடலாம் என்று தோன்றும்; வித்தியாசம் 18 ஆகிவிடும், கியர் இறக்கும்போது செயின் உள்பக்கம் விழுவதற்கு வழி செய்து கொடுத்ததுபோல. பெரிய ரிங்கும் சின்ன ரிங்கும் ஜோடியாகச் செய்யப்படுபவை, அவற்றின் சரிவுகளும் ஊசிகளும் அந்த ஜோடிக்கென்று கணக்கிட்டவை. ஜோடியைப் பிரிக்காமல் வாங்குங்கள்.

செயின்ரிங்கை மட்டும் வாங்குகிறவர்களுக்கும், பிற்பாடு மாற்ற நினைக்கிறவர்களுக்கும் பிசிடி தெரிந்திருக்க வேண்டும்: ரிங் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம். பழைய 53/39-கள் பெரும்பாலும் 130 மி.மீ., அதில் 38-க்குக் கீழே போக முடியாது. காம்பாக்ட் 110, அதில் 34 சுலபமாகப் போகும். ஐந்து போல்ட் கிராங்கில் வட்டத்தை நேராக அளப்பது கஷ்டம். அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். 76.4 மி.மீ. வந்தால் 130, 64.7 வந்தால் 110. ஷிமானோவின் உச்ச வரிசையான டியூரா-ஏஸின் 9000 மாடல் காலத்திலிருந்து அதன் மேல் வரிசைகள் நான்கு போல்ட்டுக்கு மாறிவிட்டன, போல்ட்டுகள் சம இடைவெளியில் இருக்காது, ஐந்து போல்ட் 110 ரிங் அதில் ஏறாது. ஆனால் அந்த ஒரே நான்கு போல்ட்டில் 34 முதல் 53 வரை எல்லாம் மாட்டலாம் என்பது நல்ல விஷயம்.

ஆர்மின் நீளம்

165, 167.5, 170, 172.5, 175. ஆர்மின் உள்பக்கம், பெடல் துளைக்கு அருகில் எண் பொறித்திருக்கும், துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். இடது ஆர்மை மட்டும் மாற்றுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், இரண்டு காலுக்கும் இரண்டு நீளமாக ஓட்டுகிற ஆட்கள் தெரியாமலேயே இருக்கிறார்கள்.

உயரமானவருக்கு நீளம், குட்டையானவருக்குக் குட்டை என்று பழைய கணக்கு. அது முழுக்கத் தவறில்லை, ஆனால் பலத்துக்கும் நீளத்துக்கும் நாம் நினைக்கும் அளவு தொடர்பு இல்லை. 2001-ல் மார்ட்டின், ஸ்பிர்டுஸோ இருவரும் வெளியிட்ட ஆய்வில் 120 முதல் 220 மி.மீ. வரை ஐந்து நீளங்களைச் சோதித்தார்கள். அவ்வளவு பெரிய இடைவெளியிலும் உச்ச சக்தியில் வித்தியாசம் 4 சதவீதம் அளவில்தான் இருந்தது. கடைகளில் கிடைப்பது 165-க்கும் 175-க்கும் இடையில்தான். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற டாடேய் போகாசரே 165-க்கு மாறிய பிறகு குட்டை ஆர்ம் பற்றிய தயக்கம் பலருக்கும் போய்விட்டது.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? உடம்பு வளையும் விதத்தை வைத்துத்தான். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்து மிதிக்கும்போது தொடை வயிற்றில் இடிக்கிறதா, இடுப்பு மடிப்பில் நெருக்குகிறதா, காலை மேலே கொண்டுவரும்போது முட்டி வெளியே விலகுகிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால் 5 மி.மீ. குறைத்துப் பாருங்கள். முன் சக்கரம் திரும்பும்போது ஷூ முனையில் உரசும் சின்ன ஃப்ரேம்களுக்கும் இது கொஞ்சம் உதவும். எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் இருந்த நீளத்தையே மறுபடி வாங்குங்கள். 2.5 மி.மீ. வித்தியாசத்தைப் பலரால் உணரக்கூட முடியாது.

குட்டையாக்கினால் நெம்பு குறையும் என்பது உண்மை. 175-லிருந்து 165 என்றால் ஏறக்குறைய 5.7 சதவீதம், அதாவது 36-லிருந்து 34-க்கு இறங்கினால் ஈடுகட்டும் அளவு. ஆகவே ஆர்மைக் குறைக்கிறவர்கள் பற்களையும் ஒரு படி இறக்கிக்கொள்வது நல்லது. சீட்டையும் மறக்காதீர்கள்: ஆர்ம் 5 மி.மீ. குறைந்தால் சீட் 5 மி.மீ. மேலே போக வேண்டும், ஏனென்றால் பெடலின் கீழ்ப்புள்ளி அவ்வளவு மேலே வந்துவிட்டது.

இன்னும் சில

செயின்லைன், அதாவது ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து ரிங்குகளின் நடுவுக்கு உள்ள தூரம். இரட்டை ரிங் ரோட் கிராங்குகளுக்கு 43.5 மி.மீ. பழைய வழக்கம், டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் பின் ஹப் அகலமானதால் 44.5, 45 என்று நகர்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயமில்லை. ஆனால் சரளைப் பாதைச் சைக்கிள்களுக்கான ஷிமானோ ஜிஆர்எக்ஸ் 46/30 கிராங்கின் சின்ன கியர் ஆசையில் அதை ரோட் சைக்கிளில் மாட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அதன் செயின்லைன் ரோட் வகையைவிட 2.5 மி.மீ. வெளியே. ஜிஆர்எக்ஸ் முன் டீரெயிலரும் சேர்த்து மாற்றினால்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

எத்தனை வேகம், அதாவது கேசட்டில் எத்தனை பல்சக்கரம் என்பதில் 10-ம் 11-ம் பெரும்பாலும் கலந்து ஓடும். ஸ்ராமின் தட்டை முதுகுச் செயின் வேறு கதை: அதன் ரோலர் பெரியது, அதற்கென்று செய்த ரிங் இல்லாமல் ஓடாது. ஷிமானோ 12 வேகத்துக்கு நிறுவனம் சொல்லும் கிராங்கையே எடுத்தால் கியர் மாறுவதில் சந்தேகமே வராது.

எடை பற்றி ஒரே வார்த்தை. 105-க்கும் டியூரா-ஏஸுக்கும் இடையில் சுமார் 100 கிராம். தண்ணீர் பாட்டிலில் இரண்டு மடக்கு. அந்த அளவுக்கு ஆசைப்படும் முன் அந்த வித்தியாசத்தை நல்ல டயருக்குச் செலவழிக்கலாமா என்று யோசியுங்கள். கார்பன் ஆர்ம் எனக்குப் பிடிக்கும், ஆனால் கல்லில் இடிபட்டால், பெடல் மரைக்கான உலோகத் துண்டு கார்பனிலிருந்து விட்டுப்போனால் அதற்கு வைத்தியம் இல்லை. எல்லா நாளும் ஓட்டும் சைக்கிளுக்கு அலுமினியம்.

பழையது வாங்கினால்

வாங்கலாம், நல்ல கிராங்க் நீண்ட காலம் உழைக்கும். பெடல் மரையில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், சில்லுகள் குத்தக் கூடாது. ஆர்மைச் சுத்தமாகத் துடைத்து நல்ல வெளிச்சத்தில், பெடல் துளையைச் சுற்றியும் ரிங் கால்கள் ஆர்மோடு சேரும் மூலைகளிலும் மயிரிழை போன்ற கோடு இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தை வைத்து இழுத்தால் கீறலுக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் தெரியும். விரிசல் மூலையிலிருந்து கிளம்பும், கீறல் எங்கு வேண்டுமானாலும் இருக்கும்.

ஷிமானோவின் 11 வேக அல்டெக்ரா, டியூரா-ஏஸ் வாங்குவதாக இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்த இந்த ஆர்ம்கள் சில விட்டுப்போவதாகத் தெரிந்ததால் 2023 செப்டம்பரில் ஷிமானோ உலகம் முழுவதும் பரிசோதித்து மாற்றிக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. எஃப்சி-6800, எஃப்சி-ஆர்8000, எஃப்சி-9000, எஃப்சி-ஆர்9100, எஃப்சி-ஆர்9100-பி ஆகியவை, 2019 ஜூலைக்கு முன் தயாரானவை. ஆர்மின் உள்பக்கம் இரண்டு எழுத்துத் தயாரிப்புக் குறியீடு இருக்கும், அதை அறிவிப்பிலுள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்தால் சோதித்ததற்கு அத்தாட்சி கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒட்டுக் கோட்டில் இடைவெளி தெரிந்தாலோ, அங்கிருந்து கறுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ கையில்கூட எடுக்க வேண்டாம். ஆர்ம் பிரியும்போது நீங்கள் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருப்பீர்கள், அதுதான் பயம். 105 ஆர்ம்கள் அந்த அறிவிப்பில் இல்லை.

மாட்டும்போது

ஷிமானோ 24 மி.மீ. வகையைச் சொல்கிறேன், அதுதான் அதிகம் பேரிடம் இருக்கும். மரைக்கு கிரீஸ், கப்புகளை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு. ஸ்பிண்டிலில் மெல்லிய கிரீஸ் தடவி வலது பக்கத்திலிருந்து தள்ளினால் கடைசி சில மில்லிமீட்டர் அடம் பிடிக்கும், உள்ளங்கையாலோ ரப்பர் சுத்தியலாலோ லேசாகத் தட்டுங்கள். இடது ஆர்மைச் சொருகிவிட்டு அந்த பிளாஸ்டிக் மூடியைத் திருகும்போதுதான் பலரும் தப்பு செய்கிறார்கள்: அது ஆர்மைப் பிடித்து வைப்பதற்கானது இல்லை, பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும். 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர், அதாவது விரல் நுனியின் பலம். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் சீக்கிரம் தீரும். அப்புறம் அந்தச் சின்னப் பாதுகாப்புத் தகட்டின் ஊசி துளைக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக, 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை. ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். கையளவில் முறுக்கிவிட்டு விடும் இடமில்லை இது, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள்.

பெரிய ரிங்கின் வெளிப்பக்கம் ஒரு ஊசி துருத்திக்கொண்டிருக்கும். அது ஆர்முக்கு நேர் பின்னால் வர வேண்டும். செயின் வெளியே விழுந்தால் ஆர்முக்கும் ரிங்குக்கும் இடையில் சிக்காமல் தடுப்பது அதுதான். ரிங்கைத் தனியாக மாட்டுகிறவர்கள் இதைத் திருப்பிப் போட்டுவிட்டு, கியர் ஏன் சரியாக மாறவில்லை என்று நாள் கணக்கில் தேடுவார்கள். ரிங் திரும்பினால் சரிவுகளும் தவறான இடத்துக்குப் போய்விடும்.

பற்கள் குறைந்திருந்தால் முன் டீரெயிலரை இறக்க வேண்டும். ஒரு பல் குறைந்தால் ரிங்கின் ஆரம் சுமார் 2 மி.மீ. குறையும், 53-லிருந்து 50 என்றால் 6 மி.மீ. கூண்டின் வெளித்தகட்டுக்கும் பெரிய ரிங்கின் பல்லுக்கும் இடையில் 1 முதல் 3 மி.மீ. இருந்தால் சரி. ஃப்ரேமில் பற்றவைத்த தாங்கியில் மாட்டும் வகையாக இருந்தால், 46-க்கு இறங்கும்போது அந்தத் துளையின் கீழ்முனையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கலாம், வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள்: குறையும் பற்களின் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கினால் வரும் மில்லிமீட்டர் அளவு இடம் இப்போது டீரெயிலருக்குக் கீழே மிச்சம் இருக்க வேண்டும். செயினும் நீளமாகிவிடும். செயின் பாதிச் சுற்றைத்தான் தழுவுகிறது என்பதால் நான்கு பல் குறைந்தால் ஒரு ஜோடிக் கண்ணி, ஒரு அங்குலம், வெட்டலாம். அதைவிடக் குறைவு என்றால் அப்படியே விடுங்கள். செயினின் தேய்மானத்தைக் காட்டும் அளவியில் 0.5 சதவீதத்தைத் தாண்டிய பழைய செயினைப் புது ரிங்கில் போட வேண்டாம், அது புதுப் பற்களையும் தன் தேய்மானத்துக்கு ஏற்றபடி தேய்த்துவிடும்.

பெடல் மாட்டும்போது இடது பெடல் இடமரை என்பதை நினைவில் வைத்து, இரண்டுக்கும் கிரீஸ் போட்டு, முதல் இரண்டு மூன்று சுற்றை விரலாலேயே சுற்றுங்கள். விரலால் போகவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, ஸ்பானரை எடுக்காமல் கழற்றி மறுபடி வைக்க வேண்டும். இரண்டு மூன்று சவாரிக்குப் பிறகு இடது ஆர்மின் அந்த இரண்டு போல்ட்டுகளையும் செயின்ரிங் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை சரிபாருங்கள், பெரும்பாலும் ஏதாவது ஒன்று கால் திருகு இடம் கொடுத்திருக்கும்.